கோழிக்குப் போட்ட வரி

2025 ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் எங்கள் ஆபீஸ் கான்டீனில் பத்து டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. காரணம், அமெரிக்கா. 27-ம் தேதியிலிருந்து இந்தியச் சரக்குக்கு 50 சதவிகிதம் வரி என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"அம்பது பர்சென்ட்டாம் சார்! அவ்வளவு பணத்துக்கு நம்ம கவர்ன்மென்ட் எங்கே போகும்?" என்று நிஜமான கவலையோடு கேட்டார் டெஸ்பாட்ச் செக்‌ஷன் நண்பர்.

"கவர்ன்மென்ட் ஏன்யா கட்டணும்? சரக்கு அனுப்பறவன் கட்டுவான்" என்றார் அக்கவுண்ட்ஸ்காரர்.

"கட்ட முடியாதுன்னு சொன்னா என்ன பண்ணுவானாம்?" என்று மூன்றாமவர் வீரமாக மசால் வடையைக் கடித்தார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு சீட்டுக்குப் போயிருக்க வேண்டும். விதி. "இறக்குமதி வரியைக் கட்டறது இறக்குமதி பண்றவன் சார். அமெரிக்கத் துறைமுகத்துல, அமெரிக்கக் கம்பெனி, அமெரிக்க கஜானாவுக்கு, டாலர்ல கட்டுது. நம்மகிட்ட எவனும் பத்து பைசா கேக்கறதில்லை" என்று பிரசங்கம் செய்தேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். "அப்ப நமக்கு நஷ்டமே இல்லைன்னு சொல்லுங்க!" என்று டெஸ்பாட்ச் நண்பர் முகம் மலர்ந்து இன்னொரு டீ சொன்னார். புத்தகத்தில் படித்ததைப் பாதியில் நிறுத்திச் சொன்னால் இப்படித்தான் ஆகும். மீதிப் பாதி அன்று ராத்திரி திருப்பூரிலிருந்து டெலிபோனில் வந்தது.

அவன் என்னோடு காலேஜில் படித்தவன். திருப்பூரில் ஒரு சந்துக்குள் இருபது மெஷின் போட்டு பவர் டேபிள் யூனிட் வைத்திருக்கிறான். எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர் துணியை வெட்டி அனுப்புவார், இவன் ஆள் வைத்துத் தைத்துக் கொடுப்பான், பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. அமெரிக்கா என்பது அவனுக்கு அட்டைப் பெட்டி மேலே ஒட்டுகிற ஸ்டிக்கர், அவ்வளவுதான்.

"மாப்ளே, நாலு நாளா வெட்டுத்துணி வரலைடா. கேட்டா, பையர் டிஸ்கவுன்ட் கேக்கறான், பேசிட்டிருக்கோம், பொறு என்கிறார். எவனோ அங்க போட்ட வரிக்கு நான் ஏன்டா பொறுக்கணும்?"

அவனுக்குக் கணக்குப் போட்டுச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் அளக்கலாம். அந்த மாதத்து ரேட்டை வைத்துப் போட்ட கணக்கு இது. காட்டன் டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் எப்போதும் உள்ள வரியே 16.5 சதவிகிதம். 5 டாலர் சரக்கு என்றால் 82 சென்ட் சில்லறை. அதன் மேல் புதுசாக 50 சதவிகிதம், அது இரண்டரை டாலர். ஆக, திருப்பூர் பனியன் அமெரிக்கக் கிடங்குக்குப் போய்ச் சேரும்போது 8 டாலர் 32 சென்ட். அதே பனியன் பங்களாதேஷிலிருந்து போனால் கூடுதல் வரி 20 சதவிகிதம்தான். 6 டாலர் 82 சென்ட்டில் முடிந்துவிடும். வியட்நாமுக்கும் அதே இருபது. துணி ஒன்று, தையல் ஒன்று, ஒன்றரை டாலர் வித்தியாசம்.

இப்போது அந்த அமெரிக்கக் கம்பெனிக்காரர் என்ன செய்வார்? கொஞ்சத்தைத் தன் லாபத்தில் கழித்துக்கொள்வார். கொஞ்சத்தை விலையில் ஏற்றி, ஊரில் பிள்ளை குட்டிக்காரன் தலையில் கட்டுவார். மீதிக்குத் திருப்பூருக்கு ஃபோன் போடுவார். எக்ஸ்போர்ட்டர் கொஞ்சம் தாங்குவார். தாங்க முடியாததை சந்துக்குள் இருக்கிற இருபது மெஷின் பக்கம் தள்ளுவார். அங்கே பீஸ் ரேட்டில் ஒரு ரூபாய் குறையும், அல்லது வெட்டுத்துணியே வராது. சட்டப்படி வரி கட்டுகிறவன் ஒருத்தன். நிஜமாகக் கட்டுகிறவன், பேரத்தில் எவன் இளைத்தவனோ அவன். இதைத்தான் கான்டீனில் சொல்லாமல் விட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "இது எத்தனை நாளைக்குடா இருக்கும்? எவனாவது ஒருத்தன் கோபத்துல போட்டதுதானே? கோபம் போனா வரியும் போயிடும்ல?"

"போயிடும், போயிடும்" என்று சொல்லிவிட்டு அவன் பெண்ணின் படிப்பைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். மனசறிந்து சொன்ன பொய். ஏனென்றால் எனக்கு அந்தக் கோழிக் கதை தெரியும்.

*

கதை நடந்தது அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பெல்லாம் ஐரோப்பாவில் கோழி என்பது ஞாயிற்றுக்கிழமைப் பண்டம். நம் வீடுகளில் மாப்பிள்ளை வந்தால் அடிப்போமே, அந்த மாதிரி. யுத்தம் முடிந்த பிறகு அமெரிக்காக்காரன் கோழியைப் பண்ணையில் ஆயிரக்கணக்கில் அடைத்து, தொழிற்சாலைச் சரக்கு மாதிரி உற்பத்தி செய்ய ஆரம்பித்தான். விலை சரிந்தது. உறைந்த கோழி கப்பல் கப்பலாக மேற்கு ஜெர்மனிக்குப் போய் இறங்கியது. ஜெர்மன்காரன் தினம் தினம் ஞாயிற்றுக்கிழமை கொண்டாடினான்.

உள்ளூர்க் கோழி வளர்ப்பவர்கள் சும்மா இருப்பார்களா? அமெரிக்கக் கோழியை ஆர்சனிக் கொடுத்துக் கொழுக்க வைக்கிறார்கள் என்று ஜெர்மனியில் புகார் கிளம்பியது. பிரான்ஸில் ஒரு படி மேலே போய், அந்தக் கோழியில் இருக்கும் ஹார்மோனால் ஆண்மை போய்விடும் என்றார்கள். (ஒரு சரக்கை ஊருக்குள் விடக்கூடாது என்றால் இதைவிடச் சிறந்த பிரசாரம் கிடையாது. நம்மூரில் பிராய்லர் கோழி மீது இன்றைக்கும் இதே பழியைச் சொல்கிற பெரியவர்கள் உண்டு.) 1962-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் ஒன்றுசேர்ந்து வெளிநாட்டுக் கோழிக்கு வரியை ஏற்றின. அமெரிக்கக் கோழி வியாபாரம் படுத்தது.

அப்போது உலகமே அணுகுண்டு பயத்தில் இருந்த நேரம். பெர்லினில் சுவர் எழும்பியிருந்தது. கியூபாவில் ஏவுகணை வந்து இறங்கியது. ஆனால் மேற்கு ஜெர்மனியின் சான்ஸலர் அடினாவரும் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியும் எழுதிக்கொண்டதில் பாதி கோழியைப் பற்றித்தான் இருக்கும் என்று அடினாவரே பிற்பாடு அலுத்துக்கொண்டார். கோழிப் பண்ணைகள் நிறைந்த ஆர்கன்சா மாநிலத்து செனட்டர் ஃபுல்பிரைட், நேட்டோவின் அணு ஆயுத விவாதத்தை நடுவில் நிறுத்திக் கோழிப் பிரச்னையைக் கிளப்பினார். தொகுதி என்று ஒன்று இருக்கிறதல்லவா?

பேச்சுவார்த்தை பலிக்கவில்லை. 1963 டிசம்பரில், கென்னடி சுடப்பட்டு இரண்டு வாரத்துக்குள், புது ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பதிலடியில் கையெழுத்துப் போட்டார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, அப்புறம் சின்ன லாரி, வேன்... இந்த நாலுக்கும் வரி ஏறியது; லாரி, வேனுக்கு 25 சதவிகிதம். கோழிக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஜெர்மனியிலிருந்து வோக்ஸ்வேகன் வேன் நிறைய வந்துகொண்டிருந்தது. டெட்ராய்ட்டின் மோட்டார் தொழிலாளர் யூனியன் தலைவர் வால்டர் ராய்தருக்கு அது கண்ணை உறுத்தியது. அடுத்த வருஷம் தேர்தல். ஜான்சனுக்கு யூனியன் ஆதரவு வேண்டும், தேர்தல் நேரத்தில் ஸ்டிரைக் வரக்கூடாது. இந்தக் கொடுக்கல் வாங்கல் எல்லாம் பின்னாளில் வெளியான வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களில் தெரியவந்தது. கோழி சாக்கு, குழம்பு வேறு.

ஒரே வருஷத்தில் ஜெர்மன் வேன் இறக்குமதி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பிற்பாடு மாவு மேல் இருந்த வரி போனது. பிராந்தி மேல் இருந்ததும் போனது. லாரி மேல் போட்ட 25 மட்டும் போகவே இல்லை. 2024-ல் அதற்கு அறுபது வயது நிறைந்தது. சண்டை போட்ட கோழிகளின் கொள்ளுப்பேரன்கள்கூடக் குழம்பாகிவிட்டன, வரிக்கு சஷ்டியப்தபூர்த்தி! நடுவில் 2018-ல் தென்கொரியாவோடு ஒப்பந்தம் திருத்தியபோது, கொரிய லாரிக்கு இந்த 25 சதவிகிதம் 2041 வரை நீடிக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கொரியாக்காரன் அன்றைக்கு ஒரு கோழிகூட விற்கவில்லை, வாங்கவில்லை.

*

வரி ஒருபக்கம் இருக்கட்டும், அதைச் சுற்றிப் போக மனுஷ மூளை பட்ட பாடுதான் எனக்குப் பிடித்த பகுதி.

அமெரிக்காவில் பயணிகள் காருக்கு அப்போது வரி 2.5 சதவிகிதம்; சாமான் ஏற்றுகிற வண்டிக்கு 25. இடையில் ஒரு புள்ளிதான் வித்தியாசம், ஆனால் அந்தப் புள்ளிக்குள் எத்தனை பேர் குடும்பம் நடத்தினார்கள் தெரியுமா? ஜப்பானியர்கள் பின்னால் உள்ள தொட்டியைக் கழற்றி, வெறும் கேபினும் சேஸியுமாக அனுப்பினார்கள். அது 'முழு லாரி' இல்லையே, அதற்கு 4 சதவிகிதம்தான். தொட்டி தனியே வந்து கரையில் பூட்டப்படும். இதில் தமாஷ், ஜப்பானில் மாஸ்டாவிடம் லாரி செய்து வாங்கித் தன் பெயர் ஒட்டி இந்த வழியாகக் கொண்டுவந்த கம்பெனிகளில் ஃபோர்டும் ஒன்று. இசுஸுவிடம் வாங்கிய செவர்லே இன்னொன்று. எவருக்காக வேலி போட்டார்களோ அவரே வேலிக்கு அடியில் புகுந்து வந்தார். 1980-ல் அரசாங்கம் அந்த ஓட்டையை அடைத்தது.

சுபாரு கம்பெனி இன்னும் அழகாக யோசித்தது. 1970-களின் கடைசியில் 'பிராட்' என்று ஒரு குட்டி பிக்கப் வண்டி விட்டது. அதன் பின்தொட்டியில், திறந்த வெளியில், பின்னால் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் சீட்டைப் பொருத்தியது. "இது லாரி இல்லை சாமி, நாலு பேர் போகிற கார்!" வெயிலிலும் காற்றிலும் அந்த சீட்டில் உட்கார்ந்து எவன் போனானோ தெரியாது. ரொனால்டு ரீகன் தன் பண்ணையில் அந்த வண்டி ஒன்று வைத்திருந்தார். அவர் தாராள வர்த்தகம் பேசியவர், பொருத்தம்தான்.

மெர்சிடிஸ் கதை வேறு ரகம். ஜெர்மனியில் ஸ்பிரின்டர் வேனை முழுசாகச் செய்து முடிப்பார்கள். பிறகு என்ஜினைக் கழற்றி, அச்சைக் கழற்றி, தனித்தனியாகக் கப்பலில் ஏற்றுவார்கள். தெற்கு கரோலினாவில் ஆள் வைத்து மறுபடி பூட்டுவார்கள். பூட்டுகிறவனுக்கும் சம்பளம், கழற்றுகிறவனுக்கும் சம்பளம், இரண்டையும் சேர்த்தாலும் 25 சதவிகிதத்தைவிட மலிவு.

இதற்கெல்லாம் சிகரம், ஃபோர்டின் 'டிரான்சிட் கனெக்ட்'. 2009-லிருந்து துருக்கியில் செய்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். கடைக்காரர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன் சாமான் ஏற்றுகிற வேன். ஆனால் கப்பலில் ஏறும்போது அதில் பின் சீட், சீட் பெல்ட், பின்பக்க ஜன்னல் எல்லாம் ஜம்மென்று இருக்கும். பால்டிமோர் துறைமுகத்தில் 'பயணிகள் வண்டி' என்று சொல்லி இரண்டரை சதவிகிதம் கட்டுவார்கள். கஸ்டம்ஸைத் தாண்டினதும் பக்கத்து ஷெட்டில் ஆட்கள் தயாராக நிற்பார்கள். சீட்டைப் பிடுங்குவார்கள். ஜன்னல் கண்ணாடியை எடுத்துவிட்டுத் தகடு அடிப்பார்கள். பிடுங்கின சீட் துணியை நார் நாராகக் கிழித்து, கம்பியை உடைத்து, கண்ணாடியோடு சேர்த்து மறுசுழற்சிக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு மனிதர்கூட உட்காராத சீட்! துருக்கியில் யாரோ ஒருவர் காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டு வந்து ஒழுங்காகத் தைத்த சீட். போகப் போக, கிழிக்கப்போகிற சீட்டுக்குத் தலை சாய்க்கிற திண்டு எதற்கு என்று அதையும் நிறுத்திச் செலவைக் குறைத்தார்கள்.

2013-ல் கஸ்டம்ஸ் முழித்துக்கொண்டு, இது சாமான் வண்டிதான், 25 எடு என்றது. ஃபோர்டு கோர்ட்டுக்குப் போனது. 2017-ல் ஜெயித்தது. 2019-ல் மேல் கோர்ட்டில் தோற்றது. கடைசியில் 2024 மார்ச்சில் 36.5 கோடி டாலர், நம் கணக்கில் சுமார் 3,000 கோடி ரூபாய், கட்டி சமரசம் செய்துகொண்டது. வக்கீல் ஃபீஸ் தனி.

இந்த அறுபது வருஷத்தில் யாருக்கு என்ன லாபம்? அமெரிக்கக் கம்பெனிகளுக்கு பிக்கப் வண்டியில் தனிக்காட்டு ராஜாங்கம். டொயோட்டாவும் நிஸ்ஸானும் டெக்ஸாஸிலும் மிஸ்ஸிஸிப்பியிலும் ஃபாக்டரி போட்டு அங்கேயே பெரிய பிக்கப் செய்தன. வேலை கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் வேலி இல்லாத கார் விஷயத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் ஜப்பானியனிடம் அடி வாங்கிக்கொண்டே வந்து, 2018-ல் ஃபோர்டு, மஸ்டாங்கைத் தவிர சாதாரண கார் எதுவும் எங்கள் ஊரில் இனி விற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டது. வேலிக்குள்ளே கொழுத்தது, வேலிக்கு வெளியே நடக்க மறந்தது.

வேலைவாய்ப்புக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் அமெரிக்கா வாஷிங் மெஷினுக்குக் காப்பு வரி போட்டது. முதல் 12 லட்சம் மெஷினுக்கு 20 சதவிகிதம், அதற்கு மேல் 50. பொருளாதார நிபுணர்கள் பிற்பாடு கணக்கெடுத்ததில், மெஷின் விலை சுமார் 12 சதவிகிதம் ஏறியிருந்தது. துணி காயவைக்கிற டிரையருக்கு வரியே இல்லை, அதுவும் ஏறியிருந்தது! அங்கே இரண்டையும் ஜோடியாக வாங்குவார்கள், கடைக்காரன் பாதியை இதன் தலையில் ஏற்றிவிட்டான். சுமார் 1,800 பேருக்கு வேலை கிடைத்தது. அதற்கு ஜனங்கள் கூடுதலாகக் கொடுத்த விலையை வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு வருஷத்துக்கு 8,15,000 டாலர். அந்த 1,800 பேரை வீட்டில் உட்காரவைத்து வருஷம் ஒரு லட்சம் டாலர் கொடுத்திருந்தாலும் ஏகப்பட்ட மிச்சம்.

*

அமெரிக்காவைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ரொம்பக் கொஞ்சம். 1991-க்கு முன்னால் நம் நாட்டில் உச்சபட்ச இறக்குமதி வரி 355 சதவிகிதம். மன்மோகன் சிங் 150-க்குக் குறைத்தபோது அதையே தாராளமயம் என்று கொண்டாடினோம். அதிலும் வீட்டுச் சாமான்களை வரி கட்டிக்கூடக் கொண்டுவர முடியாது. பெரும்பாலானவற்றுக்குத் தடையே இருந்தது, 2001 வரை. லைசென்ஸ் ராஜ்ஜியமும் சேர்ந்துகொள்ள, என் அப்பா ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார். வண்டி வந்தபோது கிக்கரை உதைக்கும் வயதை அவர் தாண்டிவிட்டிருந்தார், நான்தான் உதைத்தேன். சாய்த்துப் போட்டுத்தான் ஸ்டார்ட் ஆகும். அது வண்டியின் குறை என்று எங்களுக்குத் தெரியாது. ஸ்கூட்டர் என்றாலே சாய்க்க வேண்டும் என்று நினைத்திருந்தோம்.

சுபாரு சீட்டுக்கு நம்முடைய பதில், 'குருவி'. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் பறந்து, ஒரு பெட்டி நிறைய சென்ட்டு, வாட்ச், கேமரா என்று கொண்டுவந்து இறக்கிவிட்டு அடுத்த விமானத்தில் மறுபடி பறக்கிற மனிதருக்கு அந்தப் பெயரை வைத்தவன் கவிஞன். பர்மா பஜாரில் பேரம் பேசி 'ஃபாரின்' டூ-இன்-ஒன் வாங்கி, வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே செங்கல் இருந்த கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சித்தப்பாவுக்கு நடந்திருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கும் வாசகர்கள் சண்டைக்கு வருவதற்குள் இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழுக் காரைக் கொண்டுவந்து விற்க முடியாதபடி கதவு மூடியிருந்ததும் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் ஃபாக்டரி போட்டதற்கு ஒரு காரணம். 1998-ல் அங்கே கார் வெளியே வந்தது, அக்கம்பக்கத்தில் உதிரிப்பாகத் தொழில் கொழித்தது. அப்ப வேலி நல்லதா? என் அபிப்பிராயம், அங்கே வேலிக்குள்ளே நாலைந்து கம்பெனி ஒன்றையொன்று அடித்துக்கொண்டது, அதனால் பிழைத்தது. அப்பாவின் ஸ்கூட்டர் காலத்தில் வேலிக்குள் அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

*

அடுத்த வாரம் திருப்பூர் நண்பனிடம் பேசும்போது குற்ற உணர்ச்சி தாங்காமல் கோழிக் கதையைச் சொல்லிவிட்டேன். சீட்டைக் கிழிக்கிற இடத்தில் சிரித்தான். பிறகு, பனியனிலும் இந்த மாதிரி ஜாலம் உண்டு என்று சொன்னேன். பெண்களுக்கான சட்டையில் இடுப்புக்குக் கீழே ஒரு பாக்கெட் வைத்தால் சுங்கப் பட்டியலில் அது 'பிளவுஸ்' என்ற இனத்திலிருந்து வேறு இனத்துக்குப் போய்விடும், வரி மாறும். கொலம்பியா என்கிற அமெரிக்க உடை கம்பெனி அப்படிச் செய்வதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

லைனில் சத்தமே இல்லை. பிறகு, "அடப்பாவி! ரெண்டு வருஷம் முன்னால ஒரு லேடீஸ் ஆர்டர் தைச்சோம்டா. கீழ ஓரமா இத்துனூண்டு பாக்கெட். ஒரு ரூபாக் காசு போட்டா நிறைஞ்சிடும். இது எதுக்குன்னு செக்கிங்ல இருக்கற அக்கா கேட்டுக்கேட்டு ஓய்ஞ்சிடுச்சு. வெள்ளைக்காரி வெத்தலைப் பாக்கு போடுவா போலன்னு சொல்லிச் சமாளிச்சேன்" என்றான்.

சிரித்து முடித்ததும் சட்டென்று குரலை மாற்றி, "இப்ப ஒரு பாக்கெட் வெச்சா இந்த அம்பது போயிடுமாடா?" என்றான்.

இல்லை என்றேன். இந்த ஐம்பது, பனியனுக்குப் போட்டதில்லை, ஊருக்குப் போட்டது. எங்கே பாக்கெட் வைத்தாலும் லேபிளில் ஊர் பெயர் இருக்குமே.

"சரி விடு" என்றான். இருபது மெஷினில் எட்டை உறை போட்டு மூடிவிட்டானாம். மீதி பன்னிரண்டில் உள்ளூர் ஹோல்சேல்காரர் ஒருத்தருக்கு தீபாவளி நைட்டி ஓடுகிறது. பீஸுக்குக் கூலி எக்ஸ்போர்ட்டில் பாதிதான். செக்கிங் அக்காவை மட்டும் நிறுத்தவில்லையாம். நைட்டிக்கு அந்த அளவு செக்கிங் தேவையில்லை, ஆனாலும் நிறுத்தவில்லை.

"நைட்டியில பாக்கெட் உண்டா?" என்று கேட்டேன்.

"ரெண்டு. பெருசு. செல்போன் வைக்கலாம்" என்றான்.